ஹாட் டப் எக்ஸ்போ போறவங்க கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கோங்க. ஹாட் டப்னா வெந்நீர்ல நாலஞ்சு பேர் உக்காந்து குளிக்கற பெரிய தொட்டி, எக்ஸ்போன்னா அத ஹால்ல ஸ்டால் போட்டு விக்கற கண்காட்சி. குளிர் ஆரம்பிக்கப் போகுது, இப்பவே எங்க ஊர் பக்கம் ரோட்டோரமா ‘ஹாட் டப் க்ளியரன்ஸ், மூணு நாள் மட்டும்’னு போர்டு நட ஆரம்பிச்சிட்டாங்க, அத பாத்ததும் வயிறு எரிஞ்சுதான் உக்காந்து டைப் பண்றேன். கடை பேர் கேட்டு யாரும் இன்பாக்ஸ் வராதீங்க, விஷயம் ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட்ல (சின்ன தொகை வழக்கு பாக்கற கோர்ட்) இருக்கு, முடியற வரைக்கும் பேர் சொல்ல மாட்டேன்.

நாங்க இருக்கறது கனடாவுல, மில்டன், ஒன்டாரியோ. எனக்கு முதுகு வலி, வீட்ல அவளுக்கு ஆறு மாசம் பனிய பாத்து பாத்து மனசு வலி, ரெண்டுக்கும் மருந்துன்னு யாரோ சொல்ல, மிஸ்ஸிசாகா பக்கம் ஒரு ஹால்ல நடந்த எக்ஸ்போவுக்கு ஞாயித்துக்கிழமை சாயந்திரம் போனோம். அதுவே முதல் தப்பு. கடைசி நாள் கடைசி நேரம், விக்கிறவனுக்கும் வெறி, வாங்கறவனுக்கும் வெறி. 22,000 டாலர்னு போர்டு, அத அடிச்சுட்டு 14,900, அதையும் அடிச்சுட்டு ‘இன்னைக்கு ராத்திரிக்குள்ள எடுத்தா 11,900’. நம்ம ஊர் ஆடித் தள்ளுபடி எல்லாம் பாத்து வளந்தவன்தான் நான், அப்பவும் விழுந்தேன். 13 சதவீதம் ஹெச்எஸ்டி வரி சேத்து 13,447. கார்டுல போட்டா இந்த விலை வராது, டெபிட்ல அட்வான்ஸ் குடுங்க, மீதிக்கு டெலிவரிக்கு முன்னாடி பேங்க் ட்ராஃப்ட்னாங்க. சரின்னுட்டேன். கார்டுல போட்டிருந்தா பின்னாடி பேங்க்கிட்ட சண்டை போட்டு பணத்த திருப்ப ஒரு வழியாவது இருந்திருக்கும்னு அப்ப தோணல.

வீட்டுக்கு வந்து ராத்திரி யோசிச்சதும் கொஞ்சம் பயம் வந்துச்சு. ஆனா ஒன்டாரியோவுல பத்து நாள் கூலிங் ஆஃப் இருக்குல்ல, புடிக்கலன்னா கேன்சல் பண்ணிக்கலாம்னு தைரியமா படுத்தேன். இதான் இந்த பதிவுல முக்கியமான விஷயம், நல்லா கவனிங்க. அந்த பத்து நாள், வீட்டு வாசலுக்கே வந்து விக்கறானே, அந்த மாதிரி ஒப்பந்தத்துக்கு. 2002 கன்ஸ்யூமர் ப்ரொடக்‌ஷன் ஆக்ட்ல கடைக்கு வெளில நேர்ல போடற ஒப்பந்தம்னு சொல்லிட்டு, கூடவே சந்தை, ஏலம், ட்ரேட் ஃபேர், எக்ஸிபிஷன் இதெல்லாம் அதுல சேராதுன்னு தெளிவா போட்டிருக்கு. ஹால்ல ஸ்டால் போட்டு வித்தா அந்த பத்து நாள் உங்களுக்கு கிடையாது. ரெண்டாவது நாள் போன் பண்ணி கேட்டப்ப அந்த ஆளு இத ரொம்ப பணிவா எனக்கு வெளக்குனான் பாருங்க, மனப்பாடமா வச்சிருக்கான், தினம் பத்து பேருக்கு சொல்லுவான் போல.

‘ஃப்ரீ டெலிவரி’ன்னா ட்ரைவ்வேல எறக்கி வச்சிட்டு போறதுதான். எங்க வீட்டுக்கு பக்கவாட்டுல இருக்கறது ஒரு சின்ன சந்து, அதுல கேஸ் மீட்டர் வேற துருத்திட்டு நிக்குது, டப்ப சாய்ச்சு வச்சாலும் போகாது. டெலிவரி பசங்க ஒரு தடவ பாத்தாங்க, ‘க்ரேன்’ அப்படின்னு ஒரே வார்த்தை, கையெழுத்து வாங்கிட்டு கிளம்பிட்டாங்க. ஒம்போது நாள் கார் நிக்கற எடத்துல டப் நின்னுச்சு, க்ரேனுக்கு 900 டாலர். வீட்டுக்கு பின்னாடி இருந்த மர டெக் (பலகை மேடை) மேல வச்சிடலாம்னு விக்கிறவன் சொல்லியிருந்தான், நல்லவேளை கேக்கல. தண்ணி மட்டும் 1,400 லிட்டர், அதாவது 1,400 கிலோ, டப் ஒரு 350, அஞ்சு பேர் உக்காந்தா இன்னொரு 350, ஆக ரெண்டு டன்னுக்கு மேல. தனியா காங்க்ரீட் போட்டோம், அது வேற செலவு.

எலக்ட்ரீஷியன் ஸ்கார்பரோவுலேந்து வந்தார், யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமையான மனுஷன். 240 வோல்ட், கரண்ட் லீக் ஆனா தானா வெட்டற 50 ஆம்ப் ஜிஎஃப்சிஐ பிரேக்கர், ஈஎஸ்ஏ (மின் பாதுகாப்பு அமைப்பு) பர்மிட் எல்லாம் முறையா பண்ணார். பக்கவாட்டு பேனல கழட்டினவர் அப்படியே நின்னுட்டார். “தம்பி, இது புதுசெண்டோ உங்களுக்குத் தந்தவங்கள்? இந்த ஸ்க்ரூ எல்லாத்தையும் ஆரோ முதலே கழட்டிப் பூட்டியிருக்கினம், பாருங்கோ.” பாத்தேன், ஸ்க்ரூ தலை தேஞ்சிருக்கு, பம்ப்புக்கு கீழ வெள்ளையா உப்பு படிஞ்ச கோடு. உள்ள ஒட்டின ப்ளேட்டுல தயாரிச்ச தேதி மூணு வருஷம் பழசு. உடனே விக்கிறவனுக்கு போட்டோ அனுப்பினேன். ‘ஃபேக்டரில தண்ணி ஊத்தி டெஸ்ட் பண்ணுவோம் சார், அதான், இது ப்ராண்ட் நியூ யூனிட், ராப் பிரிக்காம இருந்தது’ன்னு டெக்ஸ்ட்ல பதில் போட்டான். ஃபேக்டரில தண்ணி ஊத்தி பாக்கறது நெஜமாவே உண்டு, அதனால நம்பிட்டேன். ஆனா அந்த டெக்ஸ்ட்ட அழிக்காம வச்சேன் பாருங்க, இந்த கதைல நான் பண்ண ஒரே புத்திசாலித்தனம் அதான்.

அதே ப்ளேட்டுல இன்னொரு காமெடி. பம்ப் ‘6 எச்பி’ன்னு எக்ஸ்போவுல பெருமை பேசினானே, ப்ளேட்டுல 240 வோல்ட் 12 ஆம்ப்னு இருக்கு. பெருக்கினா 2,880 வாட், ஒரு எச்பின்னா 746 வாட், ஒரு துளி வீணாகலன்னு வச்சாக்கூட நாலு எச்பி வராது. 80 ஜெட், அதாவது தண்ணி பீச்சற ஓட்டை, இருக்குன்னு எண்ணி காட்டுவான், அத்தன ஜெட்டுக்கும் ஒரே பம்ப்புன்னா எல்லாத்துலயும் சளி ஒழுகற மாதிரிதான் தண்ணி வரும். ஜெட்ட எண்ணாதீங்க, ஆம்ப்ப பாருங்க.

சரி, தண்ணி நெரப்பி, சூடேற அரை நாளுக்கு மேல காத்திருந்து, முதல் நாள் ராத்திரி பனி கொட்டறப்ப உள்ள உக்காந்தது சுகம்தான், பொய் சொல்ல மாட்டேன். 39 டிகிரி, தலை மேல பனி விழுது, குத்தாலத்துல தலைய குடுத்த மாதிரி தோள்ல தண்ணி. நாலாவது நாள் எனக்கும் பையனுக்கும் இடுப்புல, சரியா ட்ரங்க்ஸ் மூடியிருந்த எடத்துல, செகப்பு செகப்பா சீழ் வச்ச மாதிரி பொரி. வாக் இன் க்ளினிக்ல டாக்டர் பாத்த உடனே ‘வீட்ல ஹாட் டப் இருக்கா’ன்னு கேட்டாங்க. சூடோமோனாஸ்னு ஒரு பாக்டீரியாவாம், டப்புல க்ளோரினோ ப்ரோமினோ கம்மியானா வெதுவெதுப்புல குடும்பம் நடத்தும்.

நான் டெய்லி டெஸ்ட் ஸ்ட்ரிப் போட்டுட்டுதான் இருந்தேன். பிஎச் 7.4, ப்ரோமின் 4, எல்லாம் சரி. அப்பறம் எங்கேந்து வந்துச்சு? ஆபீஸ்ல ஒரு நண்பன் பல வருஷமா டப் வச்சிருக்கான், அவன்தான் “மச்சி, பைப் கழுவுற கெமிக்கல்னு ஒண்ணு இருக்கு, அத ஊத்தி ஜெட்ட ஓட விடு, என்ன வருதுன்னு பாரு”ன்னான். ஊத்தினேன். அரை மணி நேரத்துல காப்பி கலர்ல நுரை, அதுல கிழிஞ்ச டிஷ்யூ பேப்பர் மாதிரி வழவழன்னு துண்டு துண்டா மெதக்குது, நாத்தம் சாக்கடை தோத்துடும். மூணு தடவ பண்ணேன், மூணு தடவையும் வந்துச்சு. புது டப்புல ஒரு மாசத்துல இவ்ளோ சேராது. இது ஷோரூம்லயோ எக்ஸ்போவுலயோ தண்ணி ஊத்தி டெமோ காட்டி, பாதி தண்ணிய பைப்புக்குள்ளயே விட்டு, அடுத்த ஊருக்கு லாரில ஏத்தி, திரும்ப ஊத்தி, இப்படியே சுத்தின டப்.

எங்களுக்கு பொரியோட போச்சு. 1999ல நெதர்லாந்துல போவன்கார்ஸ்பெல்னு ஒரு ஊர்ல பூ கண்காட்சி, அங்க காட்சிக்கு வச்ச வேர்ல்பூல் டப்புலேந்து (ஹாட் டப் மாதிரிதான்) கெளம்பின பொடிச் சாரல்ல லெஜியோனெல்லான்னு ஒரு பாக்டீரியா பரவி 30 பேருக்கு மேல செத்துப்போனாங்க. அதுல யாரும் எறங்கி குளிக்கல, பக்கத்துல நடந்து போனவங்க. இத படிச்சதுலேந்து டெமோ டப்னு பாத்தாலே நான் பத்தடி தள்ளித்தான் போறேன்.

இப்ப என் தப்பையும் சொல்லிடறேன், இல்லன்னா கதை முழுசாகாது. டிசம்பர்ல அத்தை, அதான் மாமியார், தின்னவேலிலேந்து வந்திருந்தாங்க. சனிக்கிழமை தலைல இருந்து கால் வரைக்கும் நல்லெண்ணெய், “இம்புட்டு வெந்நீ சும்மா கெடக்கு, மாப்ள”ன்னு சொல்லிட்டு நேரா டப்புக்குள்ள. நான் கிராசரிக்கு போயிருந்தேன். வந்து பாத்தா ரசத்துல எண்ணெய் மெதக்கற மாதிரி தங்க கலர்ல வட்டம் வட்டமா, ஓரத்துல பிசுக்கு, ஜெட் போட்டா பீர் மாதிரி நுரை. ஃபில்டர ஊற வச்சு கழுவினேன், தண்ணிய முழுசா எறக்கி மாத்தினேன், அப்பவும் ஃபில்டர் மடிப்புல வாசனை போகல. அத்தை மேல கோவம் இல்ல, நான் சொல்லி வச்சிருக்கணும்.

ஜனவரில ரெண்டு நாள் மான்ட்ரியால் போயிட்டு வந்தோம். வெளில மைனஸ் 19. டப்புல லைட்டே இல்ல, பிரேக்கர் ட்ரிப் ஆயிருக்கு, தண்ணி மேல கண்ணாடி மாதிரி ஐஸ். ஹீட்டர் எலிமென்ட் ஓட்டையாகி கரண்ட் லீக், அதான் ஜிஎஃப்சிஐ வெட்டிருச்சு, வெட்டினதும் சூடும் இல்ல சுத்தலும் இல்ல, பம்ப்போட முன் பாகம் ஐஸ்ல வெடிச்சிருச்சு. ‘கனடியன் வின்டர் இன்சுலேஷன்’னு பணம் வாங்கினானே, பேனல கழட்டினா உள்ள சிப்ஸ் பாக்கெட் மாதிரி ஒரு வெள்ளி பேப்பர் ஒட்டி வச்சிருக்கு, அவ்ளோதான். வாங்கும்போதே ஒரு பேனல கழட்ட சொல்லுங்க, உள்ள ஃபோம் நெறஞ்சிருக்கா, பேப்பர் தொங்குதான்னு கண்ணால பாருங்க. கழட்ட மாட்டேன்னா கிளம்பி வந்துடுங்க.

வாரன்டி போன் போட்டேன். பதினோரு நாள் கழிச்சு ஒரு டெக்னீஷியன் வந்தான், ஃபில்டர மோந்து பாத்தான், போட்டோ எடுத்தான், போயிட்டான். ரெண்டு நாள்ல ஈமெயில்: எண்ணெய், தவறான பராமரிப்பு, வாரன்டி செல்லாது. அப்படியே செல்லுபடி ஆனாலும் உங்க யூனிட் ‘எஃப் எம், ஆஸ் இஸ்’ (இருக்கற நெலமைலயே வித்தது), அதனால லேபர் கவர் ஆகாதுன்னு கீழ ஒரு வரி. எஃப் எம்மா, அது என்ன ரேடியோவான்னு ஒப்பந்தத்த எடுத்து பாத்தா, ரெண்டாவது பக்கம், மாடல் நம்பருக்கு பின்னாடி, எறும்பு சைஸ்ல ‘எஃப் எம்’. ஃப்ளோர் மாடல், அதாவது காட்சிக்கு வச்சிருந்த டப். நான் கையெழுத்து போட்ட பக்கம். பத்து வருஷ வாரன்டின்னு சொன்னது வெளி ஷெல்லுக்கு மட்டும்தான், பம்ப்புக்கும் ஹீட்டருக்கும் ரெண்டு வருஷம், வேலை கூலி 90 நாள், அதுவும் ஃப்ளோர் மாடலுக்கு கிடையாது.

எண்ணெய் ஃபில்டர கெடுக்கும், ஒத்துக்கறேன். ஆனா வெளி ஆள் ஒருத்தர கூப்பிட்டு எலிமென்ட்ட கழட்டி பாத்தப்ப அது உள்ளேந்து துருப்பிடிச்சு அரிச்சிருக்கு, மூணு மாசத்துல வந்த துரு இல்ல இது, வருஷக்கணக்குன்னு அவர் பில்லுலயே எழுதி குடுத்தார். எலிமென்ட், பம்ப், ரெண்டு யூனியன் (பைப் இணைப்பு) எல்லாம் சேத்து 1,860 டாலர். கன்ட்ரோல் பாக்ஸ் பால்போவாங்கற பரவலான ப்ராண்டா இருந்ததால பார்ட்ஸ் எங்கயும் கிடைச்சுது, இல்லாட்டி அதுக்கும் அந்த கடை வாசல்லயே நின்னிருப்பேன்.

பத்து நாள் போச்சேன்னு நான் தலைல கை வச்சிருந்தப்பதான் அதே சட்டத்துல இன்னொரு கதவு இருக்கறது தெரிஞ்சுது. புதுசு இல்லாதத புதுசுன்னு சொல்லி வித்தா அது ‘அன்ஃபேர் ப்ராக்டிஸ்’, ஒப்பந்தம் போட்ட ஒரு வருஷத்துக்குள்ள எழுத்துல நோட்டீஸ் குடுத்து ரத்து கேக்கலாம், இதுக்கு எக்ஸிபிஷன் வெலக்கு கிடையாது. பத்தாவது மாசம் ரெஜிஸ்டர்ட் மெயில்ல அனுப்பினேன். ‘ப்ராண்ட் நியூ, ராப் பிரிக்கல’ன்னு அவன் போட்ட டெக்ஸ்ட், ப்ளேட் போட்டோ, ஸ்க்ரூ போட்டோ, வெளி டெக்னீஷியன் பில் எல்லாம் இணைச்சேன். பதில் வரல. கோர்ட்ல போட்டதும் ஒரே வாரத்துல போன், 1,500 தர்றோம், முடிச்சிக்கலாம்னு. முடியாதுன்னுட்டேன். அடுத்த மாசம் செட்டில்மென்ட் கான்ஃபரன்ஸ் (ரெண்டு தரப்பும் கோர்ட் மூலமா பேசி முடிக்கப் பாக்கற கூட்டம்), என்ன ஆச்சுன்னு இங்கயே வந்து எழுதறேன்.

யாராவது அதே மாதிரி எக்ஸ்போவுல எடுத்து, பேனலுக்கு உள்ள ப்ளேட்டுல பழைய தேதி இருந்தா, ஒப்பந்தம் போட்டு ஒரு வருஷம் தாண்டலன்னா, இன்னைக்கே நோட்டீஸ் அனுப்புங்க.

அத்தை வாரா வாரம் வீடியோ கால்ல “அந்த அண்டாவ வித்தாச்சா மாப்ள?”ன்னு கேக்காங்க. கேஸ் முடியற வரைக்கும் விக்கவும் முடியாது, ஊத்தவும் மனசில்ல. மூடி பூட்டி வச்சிருக்கேன், அது மேல இந்த சம்மர் பூரா மோர் மிளகா காஞ்சுது.