சேற்றுக்கும் செம்மண்ணுக்கும் ஒரே மிசின்: சிறிய நான்கு சில்லு உழவு இயந்திரம் பற்றிய மதிப்புரை

திருகோணமலை மாவட்டத்தில் மூன்று முதல் ஆறு ஏக்கர் வரையான காணியை, அதிலும் வயலும் மேட்டுநிலமும் கலந்த காணியைச் சொந்தமாகச் செய்கை பண்ணுபவருக்கு, 20 முதல் 27 குதிரைவலு வரையான, நான்கு சில்லும் சேர்ந்து இழுக்கும் சிறிய உழவு இயந்திரமே ஏற்றது என்பது என் முடிவு. தம்பலகாமத்தில் குளத்து நீர் பாயும் வயலிலும் பங்குளப் பக்கத்துச் செம்மண் மேட்டிலும் பின்னால் நடந்து ஓட்டும் இரண்டு சில்லு லேண்ட்மாஸ்டர், பெரிய ட்ரக்டர், இந்தச் சிறிய மிசின் ஆகிய மூன்றையும் ஓட்டியும் கூலிக்கு விட்டு உழுவித்தும் பார்த்த பின்னரே இதை எழுதுகிறேன். குதிரைவலுவையும் விலையையும் மட்டும் கேட்டுவிட்டு வாங்கப் புறப்படுபவர்கள், அவற்றுக்கு முன்னர் நிறையையும் அகலத்தையும் கேட்க வேண்டும் என்பதே நான் சொல்ல விரும்புவது.

கூலிக்குப் பிடித்து உழுவது மலிவு என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அது பணக் கணக்கை மட்டும் பார்க்கிறது. கந்தளாய்க் குளத்தில் தண்ணீர் திறக்கும் நாள் கூட்டத்தில் முடிவானதும், ஒரே வாய்க்காலில் தங்கியிருக்கும் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் மிசின் தேவைப்படுகிறது. பெரிய காணிக்காரருக்கு முதலில் உழுதுவிட்டு நம் வயலுக்கு மிசின் வந்து சேரும்போது, முதல் உழவுக்கும் மறு உழவுக்கும் இடையில் களை மக்குவதற்கு விட வேண்டிய இடைவெளி குறைந்துவிடுகிறது, அல்லது விதைப்பே பிந்திவிடுகிறது. மழையை நம்பி, காய்ந்த மண்ணில் புழுதி விதைப்புச் செய்யும் மூதூர், குச்சவெளிப் பக்கங்களில் இது இன்னும் கடுமையானது. வடகீழ்ப் பருவமழை முழுமையாகப் பிடிப்பதற்கு முன்னர் கிடைக்கும் சில காய்ந்த நாட்களைத் தவறவிட்டால் அந்தப் பெரும்போகத்துக்கு வேறு வழியைத்தான் தேட வேண்டியிருக்கும்.

லேண்ட்மாஸ்டரைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. இரண்டு ஏக்கருக்கு உட்பட்ட வயல் மட்டும் வைத்திருப்பவருக்கு அதைவிடப் பொருத்தமானது எதுவுமில்லை: சேற்றில் அமிழாது, சிறிய வரம்பைத் தாண்டும், ஊரில் எந்தக் கராஜிலும் திருத்தலாம், உதிரிப்பாகம் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும். அதன் விலையைக் கொடுப்பது ஓட்டுபவரின் உடம்பு. அறுபது சென்ரிமீற்றர் அகலத்தில் உழும் கருவியைப் பிடித்துக்கொண்டு ஒரு ஏக்கரை ஒரு தடவை சுற்றி முடிக்க ஏறத்தாழ ஆறே முக்கால் கிலோமீற்றர் சேற்றில் நடக்க வேண்டும். மறு உழவுக்கு அதே தூரத்தை மீண்டும் நடக்க வேண்டும். இருபது வயதில் இது ஒரு பொருட்டல்ல. ஐம்பதைக் கடந்த பின்னர் நான்கு ஏக்கரை இப்படி உழுவது முதுகுக்கும் முழங்காலுக்கும் செய்யும் கேடு, மிசின் வாங்கும்போது கணக்கில் வராத செலவு.

பெரிய ட்ரக்டருக்கு வருவோம். நம் பகுதியில் அதிகம் காணப்படும் மசி பெர்குசன் 240 போன்ற மூன்று சிலிண்டர் மிசின்கள் உழைப்பில் குறைவைப்பவை அல்ல, அவற்றைத் திருத்தத் தெரியாத மெக்கானிக்கும் இல்லை. ஆனால் அவற்றின் நிறை ஒன்றரைத் தொன்னுக்கு மேல். நெல் வயலின் மேற்சேற்றுக்குக் கீழே, ஏறத்தாழ ஒரு சாண் ஆழத்தில், பல போகங்களாகச் சேறடித்து இறுகிய கடினமான படை ஒன்று இருக்கிறது. தண்ணீரைக் கீழே இறங்கவிடாமல் தாங்கி நிற்பதும், உழவு இயந்திரத்தின் சில்லைத் தாங்குவதும் அந்தப் படைதான். பாரமான மிசின் ஈர வயலில் மீண்டும் மீண்டும் இறங்கும்போது, குறிப்பாக மிசின் திரும்பும் வயலோரமான தலைமாட்டில், இந்தப் படை உடைகிறது. உடைந்த இடத்தில் அடுத்த போகம் சில்லு இன்னும் ஆழமாகப் புதைகிறது, தண்ணீரும் அதிகம் கேட்கிறது. வாய்க்காலின் கடைக்கோடியில் இருக்கும் வயலுக்கு, அதிலும் குளத்து நீர்மட்டம் குறைந்திருக்கும் சிறுபோகத்தில், இது சிறிய இழப்பல்ல. அல்லை நீர்ப்பாசனத் திட்டத்தின் மகாவலி வண்டல் வயல்களில் பெரிய மிசினை இழுத்தெடுக்க இன்னொரு பெரிய மிசினைக் கூப்பிடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சிறிய நான்கு சில்லு மிசினின் மதிப்பு இங்கேதான் தெரிகிறது. இந்த வகைக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் சொல்லலாம்: குபோட்டாவின் நியோஸ்டார் பி 2441, மூன்று சிலிண்டரும் 24 குதிரைவலுவும் கொண்டது, மகேந்திராவின் ஜிவோ 245 டிஐ, அதே 24 குதிரைவலுவை இரண்டு சிலிண்டரில் தருவது. இரண்டிலும் நான்கு சில்லும் இழுக்கும். பின்னால் பூட்டும் கருவியை இரண்டின் ஹைட்ரோலிக்கும் 750 கிலோகிராம் வரை தூக்கும் என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். குபோட்டாவின் நிறை முக்கால் தொன்னுக்கும் குறைவு. அதாவது பெரிய ட்ரக்டரின் பாதிக்கும் கீழே. முன் சில்லும் சேர்ந்து இழுப்பதால் பின் சில்லு சேற்றில் சுற்றி ஒரே இடத்தைத் தோண்டுவது குறைகிறது. உழுது முடிந்த தலைமாட்டைப் பலகை அடிப்பதற்கு முன்னர் ஒருமுறை நடந்து பார்த்தால் போதும். பெரிய மிசின் விட்டுப்போகும் குழியும் இது விட்டுப்போகும் தடமும் ஒன்றல்ல என்பதைக் கால் சொல்லிவிடும்.

இந்த இலகுத்தன்மையே செம்மண்ணில் குறையாகிறது. இதை மறைத்து எழுதுவது நியாயமாகாது. பங்குளம், மொறவெவப் பக்கத்து மேட்டுநிலச் செம்மண், ஈரமானபோது ஒட்டும். காய்ந்தபோது கொங்கிறீட் போல இறுகும். ஆவணி, புரட்டாதியில் காய்ந்து கிடக்கும் நிலத்தில் டிஸ்க் கலப்பையை இறக்கினால், இலகுவான மிசினின் சில்லு வழுக்கும், கலப்பை மேலே மிதக்கும், டயர் தேயும். இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதல் மழை விழுந்து மண் ஒரு விரல்கடை நனையும்வரை பொறுத்து, கொத்துக் கலப்பையால் மேலோட்டமாகக் கிளறி, பின்னர் சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் ரொட்டவேட்டர் விடுவது ஒன்று. பின் டயர்களுக்குள் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பியும் முன்புறத்தில் இரும்புப் பாரம் பூட்டியும் நிறையைக் கூட்டுவது இரண்டாவது. வயலில் இறங்குவதற்கு முன்னர் அவற்றை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இலகுவான மிசின் வாங்கியதன் பயனே போய்விடும். மூன்றாவது, புதிதாகத் துப்புரவாக்கிய காட்டுநிலத்தின் முதல் உழவை மட்டும் பெரிய ட்ரக்டரிடம் கூலிக்கு விடுவது. மூன்றையும் பார்த்ததில், முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்த வழியையே நான் விரும்புகிறேன். மேட்டுநிலத்துக்காக 45 குதிரைவலு வாங்கி ஆண்டின் மற்ற மாதங்களில் வயலைக் கெடுப்பதைவிட அது எவ்வளவோ மேல். நிலாவெளி முதல் குச்சவெளி வரையான கரையோர மணல் நிலத்தில் வெங்காயமும் நிலக்கடலையும் செய்பவருக்கு இந்தக் கவலையே இல்லை. அங்கே இந்தச் சிறிய மிசின் தன் முழுத் திறனோடு வேலை செய்கிறது.

எந்திரத்தின் 24 குதிரைவலுவும் பின்னால் சுழன்று கருவிகளை இயக்கும் பி.டி.ஓ. தண்டுக்கு வந்து சேர்வதில்லை. கியரிலும் ஹைட்ரோலிக்கிலும் ஒரு பங்கு கழிந்து ஏறத்தாழ இருபதுதான் எஞ்சும். ரொட்டவேட்டரின் ஒரு அடி அகலத்துக்கு ஐந்து குதிரைவலு வேண்டும் என்பது ஓட்டுபவர்களிடையே வழங்கும் பொதுக் கணக்கு. ஆகவே நான்கு அடிக்கு மேற்பட்ட ரொட்டவேட்டரை இந்த மிசினுக்குப் பரிந்துரைப்பவரை நம்ப வேண்டாம். அதே வேளையில், ரொட்டவேட்டர் பின் சில்லுகளின் வெளி அகலத்தைச் சரியாக மூட வேண்டும். குறைந்தால் சில்லுத் தடம் உழாமலே கிடக்கும். நான்கு அடி அகலத்தில் மணிக்கு மூன்று கிலோமீற்றர் வேகத்தில், திரும்பும் நேரத்தையும் சேர்த்தால், ஒரு ஏக்கரை ஒரு தடவை உழ ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம் ஆகும். ஆறு அடி ரொட்டவேட்டரோடு பெரிய மிசின் அதை ஒரு மணித்தியாலத்தில் முடிக்கும். நாலைந்து ஏக்கர்க்காரருக்கு அந்த அரை மணித்தியாலம் பெரிதல்ல. உழும்போது மணிக்கு மூன்று முதல் நான்கு லீற்றர் டீசல் எரியும்; 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்ற எந்த விவசாயிக்கும் இந்த எண்ணின் அருமை தெரியும்.

சேற்றில் இறங்கும் மிசினில் வாங்குமுன் பார்க்க வேண்டியவற்றுள் தலையானது முன் அச்சு. அதன் ஓயில் சீல் வழியாகச் சேற்றுநீர் உள்ளே போனால் பற்சில்லுகள் அரிபடும். ஓயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் போய்விட்டது என்று பொருள். பிரேக் எண்ணெயில் மூழ்கிய வகையாக இருக்க வேண்டும்; உலர்ந்த பிரேக் வயலுக்கு உதவாது. டயரின் பட்டை உயரமாக இருக்க வேண்டும். புல்வெளி பராமரிப்பதற்கான தட்டையான டயரோடு வரும் மிசினை, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், விட்டுவிடுவது நல்லது. நிலாவெளிப் பக்கம் வைத்திருப்பவர்கள் உப்புக் காற்றை மறக்கக் கூடாது; வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, கிறீஸ் அடிக்க வேண்டும்.

ஜப்பானில் பாவித்து இறக்குமதியான குபோட்டா, யன்மார், இசெகி மிசின்களும் விற்பனைக்கு வருகின்றன. அவை நெல் வயலுக்கென்றே செய்யப்பட்டவை, ரொட்டவேட்டரும் பெரும்பாலும் கூடவே வரும். ஆனால் நெம்புகோல்களின் மேல் எழுதியிருப்பது ஜப்பானிய மொழி; அந்நாட்டுச் சந்தைக்கென்று செய்த மொடல்களின் பாகங்கள் பிற நாடுகளில் விற்கும் மொடல்களோடு பொருந்தாமலும் போகும். ஓடிய மணித்தியாலம் என்று மணிமானி காட்டும் எண்ணை நம்பாமல், பெடல் இறப்பரின் தேய்வையும், ஸ்டியரிங்கின் ஆட்டத்தையும், குளிர்ந்த எந்திரத்தை முதல்முறை இயக்கும்போது வரும் புகையையும் பார்க்க வேண்டும். விற்பவர் நீங்கள் வருவதற்கு முன்னரே எந்திரத்தைச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வாருங்கள். பி.டி.ஓ. வேகங்கள் பல இருக்கும், பொருந்துவதைப் பார்த்துத் தெரிய வேண்டும். நம் சந்தையில் வாங்கும் கருவிகள் நிமிடத்துக்கு 540 சுற்று என்ற வேகத்துக்கானவை.

புதிய மிசின் என்றால், விற்பனை நிலையத்தில் கேட்க வேண்டிய முதற் கேள்வி விலையல்ல. கிளச் தட்டு, ஓயில் சீல், வடிகட்டி ஆகிய மூன்றும் திருகோணமலையில் கையிருப்பில் உண்டா, மெக்கானிக் வயலுக்கு வருவாரா என்பதே. நான் சென்ற ஓரிடத்தில் கொழும்பிலிருந்து வரவழைத்துத் தருவதாகச் சொன்னார்கள். உழவுக் காலத்தில் அந்தப் பதில் மிசின் இல்லாததற்குச் சமம். மகாஇலுப்பள்ளமவில் விவசாயத் திணைக்களத்தின் பண்ணை இயந்திரமயமாக்கல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இயந்திரங்களைச் சோதித்துப் பார்ப்பது அதன் பணிகளில் ஒன்று. நீங்கள் நினைத்திருக்கும் மொடல் அங்கே சோதிக்கப்பட்டதா என்று கமநல சேவை நிலையத்து உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி இரண்டு வார்த்தை உறுதியாகச் சொல்ல வேண்டும். ஆசனத்துக்குப் பின்னால் நிற்கும் இரும்பு வளைவு, மிசின் கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காப்பது. மரக்கிளையில் தட்டுகிறது என்று அதைக் கழற்றிவிடுபவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், கழற்றாதீர்கள். வரம்பை நேராகவே ஏறிக் கடக்க வேண்டும், சரிவாக ஏறினால் இந்த ஒடுங்கிய மிசின் சாயும். சேற்றில் புதைந்தால் பின் சில்லில் மரக்கட்டையைக் கட்டி ஏற்றப் பார்க்கக் கூடாது. சில்லு சுழல முடியாதபோது முன்பக்கம் எழும்பிப் பின்னோக்கி விழும். சாரம் கட்டிக்கொண்டு, மூடியில்லாத பி.டி.ஓ. தண்டுக்குப் பக்கத்தில் நிற்கவே கூடாது.

கருவிகளை ஒரேயடியாக வாங்க வேண்டாம். ரொட்டவேட்டரும் சேற்றுக்குப் பூட்டும் இரும்புச் சில்லும் முதலில், அதன் பிறகு சமப்படுத்தும் பலகை, மேட்டுநிலம் உள்ளவருக்குக் கொத்துக் கலப்பை. இழுவைப்பெட்டியைக் கடைசிக்கு விடலாம். நெல் மூட்டை ஏற்றிக் கொடுத்து வாடகை பார்க்கலாம் என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும், லீசிங் தவணை இருப்பவருக்கு இன்னும் விரைவாக வரும். ஆனால் இலகுவான மிசினைவிட அதன் பின்னால் வரும் பாரம் பல மடங்கானால், இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பெட்டி மிசினைத் தள்ளிக்கொண்டு போகும். சொந்த வயலின் நெல்லை வீட்டுக்குக் கொண்டுவரும் அளவுக்குச் சிறிய பெட்டி போதும். ஊரார் நெல்லை ஆலைக்கு ஏற்றும் வேலை பெரிய ட்ரக்டருக்கு உரியது.