லாரி தரப்பு நீட்டுற பேப்பரில் கையெழுத்துப் போட்டுடாதீங்க

தொப்பூர் கணவாய் இறக்கத்தில் என் தம்பி பைக்கை ஒரு டாரஸ் லாரி பின்னாடி வந்து இடிச்சது. தொடை எலும்பு முறிஞ்சு, உள்ளே ராடு வெச்சிருக்காங்க. மூணாம் நாள் ஆஸ்பத்திரிக்கு ஒருத்தர் ஆப்பிள் பையோட வந்தார். லாரி ஓனருக்கு உறவுன்னு சொன்னார்.

அப்பாகிட்ட பேச்சு இப்படி: "ஐயா, டிரைவர் அன்னாடங்காச்சி. ஓனர் வண்டியை வித்து ஒரு வருஷம் ஆச்சு, ஆர்.சி.யில பேர்தான் மாத்தலை. வாங்கினவர் டியூ கட்டாம ஃபைனான்ஸ்ல வேற தகராறு. யார் மேல கேஸ் போட்டாலும் நிக்காது. 50 ஆயிரம் வாங்கிக்கிட்டு பையனைப் பாருங்க."

கையில் 20 ஆயிரம், மீதி அடுத்த மாசம். ஒரு பத்திரத்திலும் ரெண்டு வெள்ளைத்தாளிலும் அப்பா கையெழுத்துப் போட்டுட்டார். நான் மருந்து வாங்கப் போயிருந்தேன். பக்கத்தில் இருந்திருந்தாலும் தடுத்திருக்க மாட்டேன், அவ்வளவு நம்புற மாதிரி பேசினார்.

மீதி 30 ஆயிரம் வரவே இல்லை. போன் பண்ணினா "வெள்ளிக்கிழமை", "லோடு இறங்கட்டும்", "அமாவாசை கழியட்டும்". இப்படியே அஞ்சு மாசம் ஓடிச்சு. பணம் இல்லாம இழுக்கிறார்னு நினைச்சோம். இழுத்ததுதான் வேலையேன்னு வக்கீலைப் பார்த்தப்புறம்தான் தெரிஞ்சது. 2022 ஏப்ரல் 1-லிருந்து நடக்கிற விபத்துக்கு ஆறு மாசத்துக்குள்ள இழப்பீட்டு மனு (கோர்ட்டில் எம்.சி.ஓ.பி.ம்பாங்க) போடணும்னு சட்டம்.

அதைவிட வயிறு எரிஞ்சது வேற விஷயம். "பேர் மாத்தலை, அதனால கேஸ் நிக்காது"ன்னாரே, அது அப்படியே தலைகீழ். மூணு கை மாறின ஒரு கார் வழக்கில் 2018-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு: விபத்து அன்னிக்கு ஆர்.சி.யில யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர், அவர்தான் பொறுப்பு. யாருக்கு வித்தார், எப்ப வித்தார்னு அடிபட்டவன் தேடி அலைய வேண்டியதில்லை. ஃபைனான்ஸ் தகராறு அவங்களுக்குள்ள உள்ள கணக்கு. டிரைவர் ஏழையா இருந்தா என்ன, ஓனர் வேலைக்குத்தானே ஓட்டினான்? அந்தத் தப்புக்கு ஓனர் பதில் சொல்லணும், தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இருந்தா கம்பெனி கட்டணும். பெர்மிட் இல்லாத வண்டின்னாலும், முதல்ல நமக்குக் கட்டிட்டு அப்புறம் ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கன்னு கோர்ட் கம்பெனிக்கு உத்தரவு போட்ட வழக்குகள் உண்டு.

வண்டி விவரம் பார்க்கிற அரசாங்க ஆப்பான எம்பரிவாகனில் லாரி நம்பரைப் போட்டேன். இன்சூரன்ஸ் உயிரோட இருந்தது. ரெண்டு நிமிஷ வேலை, அஞ்சு மாசம் கழிச்சுப் பண்ணினேன்.

போலீஸ் 48 மணி நேரத்துக்குள்ள முதல் விபத்து அறிக்கையை, இழப்பீட்டு மனுவை விசாரிக்கிற தீர்ப்பாயத்துக்கு அனுப்பணும், அடிபட்டவங்க உரிமைகளை எழுதின படிவம் 2-ஐ 10 நாளுக்குள்ள நம்ம கையில் தரணும். எங்களுக்கு யாரும் ஒண்ணும் தரலை. நீங்களாவது ஸ்டேஷனில் கேட்டு வாங்குங்க. லாரிக் கதவில் எழுதியிருக்கிற டிரான்ஸ்போர்ட் பேரைக் குறிச்சுக்கிட்டு வந்துடாதீங்க, அது வாடகைக்கு ஓட்டுறவன் பேராகவும் இருக்கும். நம்பர் பிளேட்டைப் படம் எடுங்க. ஜெயிச்சா இத்தனை பர்சன்ட்னு பேரம் பேசுற வக்கீல்கிட்டயும் போகாதீங்க, பார் கவுன்சில் விதிப்படியே அது கூடாது.

மனு போட்டாச்சு. அப்பா கையெழுத்துப் போட்ட வெள்ளைத்தாளில் இப்போ "பைக்காரர் மேல்தான் தவறு"ன்னு டைப் அடிச்சு எதிர்த்தரப்பு கோர்ட்டில் கொடுத்திருக்கு. ஆறு மாசம் முடிய எங்களுக்கு மிச்சம் இருந்தது 11 நாள்.