அரிசோனா ட்ரெயிலா, பிசிடியின் பாலைவனமா? தண்ணீரை வைத்து ஓர் அலசல்

பாலைவனத்தில் வாரக்கணக்கில் நடக்க ஆசைப்படுகிறவர்கள் அமெரிக்க வரைபடத்தை விரித்தால், பெரும்பாலும் இரண்டு பெயர்களில் வந்து நிற்பார்கள். ஒன்று அரிசோனா ட்ரெயில். மெக்சிகோ எல்லையில் 102ஆம் எண் எல்லைத்தூணில் தொடங்கி, கிராண்ட் கேன்யனுக்குள் இறங்கி ஏறி, யூட்டா எல்லையில் முடியும் சுமார் 800 மைல். இன்னொன்று பசிபிக் க்ரெஸ்ட் ட்ரெயிலின், அதாவது பிசிடியின், தென் கலிபோர்னியப் பகுதி. கேம்ப்போ ஊருக்கருகே எல்லையை ஒட்டித் தொடங்கி கென்னடி மெடோஸ் வரை போகிறது. முழு பிசிடி 2,650 மைல். இந்த முதல் 700 மைலைத்தான் ஹைக்கர்கள் 'டெசர்ட்' என்கிறார்கள்.

தூரத்தையும் பருவத்தையும் மட்டும் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டும் ஆறு முதல் எட்டு வார நடை. இரண்டையும் வசந்தத்தில் எல்லையில் தொடங்கி வடக்கே நடப்பதுதான் வழக்கம். சப்பாத்திக்கள்ளி, ராட்டில்ஸ்நேக், நடுப்பகல் வெயில் எல்லாம் இரண்டிலும் உண்டு. ஆனால் அடுத்த வாய்த் தண்ணீர் யார் தயவில் கிடைக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அங்கேதான் இரண்டும் பிரிகின்றன. பாதுகாப்பு, கூட இருக்கும் மனிதர்கள், மனநிலை எல்லாமே அந்த ஒரு கேள்வியைத் தொட்டுத்தான் நிற்கின்றன.

பிசிடி: மனிதர்கள் தரும் தண்ணீர்

பிசிடியின் தெற்கு முனையிலிருந்து நெடுந்தூரம் கிளம்புகிறவர்களுக்கு ஒரு நாளைக்கு 50 பெர்மிட்தான். ஆனால் மார்ச் தொடங்கி மே இறுதி வரை தினமும் 50 பேர் என்றால், பாதை முழுக்க முன்னும் பின்னும் ஆள் இருப்பார்கள். இந்தக் கூட்டத்தைத்தான் 'பபிள்' என்கிறார்கள். இதனால் கிடைக்கும் பெரிய லாபம் தகவல். ஃபார்அவுட் செயலியைத் திறந்தால், வரப்போகிற ஊற்றில் நேற்று சொட்டியதா, ஓடியதா, செத்த எலி மிதந்ததா என்று யாராவது எழுதியிருப்பார்கள். வெயிலில் மயங்கி விழுந்தால் ஒரு மணி நேரத்துக்குள் இன்னொருவர் அந்த வழியாக வர நல்ல வாய்ப்பு உண்டு. முதன்முதலாகப் பாலைவனம் போகிறவருக்கு இதைவிடப் பெரிய காப்பு இல்லை.

அப்புறம் ட்ரெயில் ஏஞ்சல்கள். சம்பந்தமே இல்லாத மனிதர்கள் சாலையோரம் காரில் காத்திருந்து பழம் தருவார்கள், ஊருக்கு அழைத்துப்போய்க் குளிக்க இடம் தருவார்கள், வறண்ட இடங்களில் தண்ணீர் கேன்களைச் சுமந்துபோய் அடுக்கி வைப்பார்கள். இப்படி அடுக்கி வைக்கும் தண்ணீருக்குத்தான் 'கேஷ்' என்று பெயர். சிசர்ஸ் கிராஸிங்கிலிருந்து பேரல் ஸ்பிரிங் வரை சுமார் 24 மைல் காய்ந்த மலைச்சரிவு. நடுவில் இருப்பது தேர்ட் கேட் கேஷ் மட்டும். வடக்கே லாண்டர்ஸ் மெடோவுக்கும் வாக்கர் பாஸுக்கும் இடையில் 40 மைலுக்கு நம்பகமான ஊற்று அரிது. அங்கேயும் சாலைக் கடவுகளில் யாரோ வைத்துவிட்டுப் போகும் கேன்களை நம்பித்தான் பலர் நடக்கிறார்கள்.

சிக்கலும் அங்கேயே இருக்கிறது. தினமும் 50 பேர், ஆளுக்கு மூன்று லிட்டர் என்று எடுத்தால், சுமந்து வந்து வைத்த தண்ணீர் யானைப் பசிக்குச் சோளப்பொறிதான். காலையில் "நிறைய இருக்கிறது" என்று செயலியில் ஒருவர் எழுதுவார். மாலையில் வருகிறவர் காலி கேன்களைப் பார்ப்பார். கேஷை நம்பித் திட்டமிடாதீர்கள் என்று பிசிடி அசோசியேஷனே திரும்பத் திரும்பச் சொல்கிறது. கேட்கிறவர்கள் குறைவு. முன்னால் போனவர் இரண்டு லிட்டரோடு சமாளித்தார் என்றால் நாமும் சமாளிக்கலாம் என்று தோன்றிவிடும். அவர் கிளம்பியது விடிகாலை நாலு மணிக்கு, நாம் கிளம்புவது ஒன்பதுக்கு என்பது செயலியில் தெரியாது.

முதல் நாளிலேயே இதன் விலை தெரியும். கேம்ப்போவிலிருந்து லேக் மொரேனா வரை சுமார் 20 மைல். கடைசிப் பகுதியில் ஹவுசர் கேன்யனில் இறங்கி, நிழலே இல்லாமல் ஏற வேண்டும். உடல் வெயிலுக்குப் பழகவில்லை, முதுகில் மூட்டை கனம், கூட வருகிறவர்கள் எல்லோரும் அன்றே லேக் மொரேனா போகிறார்கள். பல ஹைக்கர்களைச் சுருண்டு விழுந்த நிலையில் மீட்டிருக்கிறார்கள் இந்த ஏற்றத்தில். இரண்டு நாளாகப் பிரித்து நடந்தால் பாதி ஆபத்து போய்விடும். ஆனால் புதிதாகச் சேர்ந்த கூட்டம் முன்னே போகும்போது தனியாகப் பின்தங்க யாருக்கு மனம் வரும்?

அரிசோனா: மாடுகளுக்காக வைத்த தண்ணீர்

அரிசோனா ட்ரெயிலின் கதை ஒரு பள்ளி ஆசிரியரிடம் தொடங்குகிறது. ஃபிளாக்ஸ்டாஃபில் வேலை பார்த்த டேல் ஷ்யூவால்டர் 1985இல் மாநிலத்தின் குறுக்கே நடந்து பார்த்து, இது ஒரு பாதையாகலாம் என்று ஊர் ஊராகச் சொல்லத் தொடங்கினார். 1994இல் பாதையைக் கவனிக்க ஓர் அசோசியேஷன் உருவானது. 2009இல் நேஷனல் சீனிக் ட்ரெயில் என்ற தகுதி கிடைத்தது. விடுபட்டிருந்த கடைசித் துண்டும் 2011இல் இணைந்தது. இப்போது 43 'பாஸேஜ்'களாகப் பிரித்து, துண்டுதுண்டாகத் தன்னார்வலர்கள் பொறுப்பெடுத்துப் பார்த்துக்கொள்கிறார்கள்.

முழுப் பாதைக்கும் சேர்த்து ஒரே பெர்மிட் என்று எதுவும் கிடையாது. சாகுவாரோ நேஷனல் பார்க்கிலும் கிராண்ட் கேன்யனிலும் இரவு தங்கத்தான் அனுமதி வாங்க வேண்டும். ஆளும் குறைவு. நாள் முழுக்க ஒருவரையும் பார்க்காமல் நடப்பது இங்கே சாதாரணம். அதனால் செயலியில் இருக்கும் தண்ணீர்க் குறிப்பு சில நேரம் ஒரு வாரம் பழையதாக இருக்கும். அதற்குள் ஒரு மண்குட்டை வற்றியே போயிருக்கலாம்.

தண்ணீர் என்றால் பெரும்பாலும் பண்ணைக்காரர்கள் மாடுகளுக்காக வெட்டிய குட்டைகள், இரும்புத் தொட்டிகள். பாசி, சாணம், தேனீக்கள் என எல்லாம் கலந்திருக்கும். துணியில் வடிகட்டி, பிறகு ஃபில்டரில் பிழிந்து குடிக்க வேண்டும். கீலா ஆற்றங்கரையில் கண்ணெதிரே ஆறே ஓடும், ஆனால் வண்டல் கலந்த பழுப்பு நீர். நேராக ஃபில்டரில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். இரவே பாத்திரத்தில் எடுத்து வைத்து, காலையில் தெளிந்ததை மட்டும் இறுத்து எடுப்பதே வழி. சில இடங்களில் அசோசியேஷன் மழைநீர் சேகரிப்புத் தொட்டிகள் வைத்திருக்கிறது. ஃப்ரீமன் ரோடு போன்ற கடவுகளில் கேஷ் வைக்க இரும்புப் பெட்டிகளும் உண்டு.

கேட்க அருவருப்பாக இருக்கும். ஆனால் எனக்கு இந்த ஏற்பாடுதான் கூடுதல் பாதுகாப்பாகத் தெரிகிறது. மாட்டுத் தொட்டியைப் பார்த்து யாரும் மெத்தனமாக இருக்க மாட்டார்கள். அடுத்தது வற்றியிருந்தால் என்ன செய்வது என்று கணக்குப் போட்டு, ஒன்றரை லிட்டர் கூடவே சுமப்பார்கள். லிட்டருக்கு ஒரு கிலோ என்பதால் ஐந்தாறு லிட்டரைத் தூக்கும்போது தோள் வலிக்கும், வலிக்கட்டும். பிசிடியில் அதே ஆள் கேஷை நம்பி இரண்டு லிட்டரோடு கிளம்புவார்.

வேறு விதத்தில் அரிசோனா கடினம்தான். மசாட்சல் வனப்பகுதியில் பழைய காட்டுத்தீக்குப் பிறகு முளைத்த புதர்கள் பாதையை மறைத்துக் காலைக் கிழிக்கும். சோய்யா (cholla) என்ற முள்கள்ளியின் துண்டு காலில் ஒட்டினால் கையால் பிடுங்கக் கூடாது; சீப்பை நுழைத்து நெம்பி எறிய வேண்டும். அனுபவசாலிகள் மூட்டையில் ஒரு சீப்பு வைத்திருப்பது முடி வாருவதற்கு இல்லை.

வெயில் மட்டும்தான் எதிரியா?

பாலைவனம் என்றதும் எல்லோரும் வெயிலுக்குத் தயாராகிறார்கள். பிசிடியின் இந்தப் பகுதி சான் ஹசிண்டோ மலையில் சுமார் 9,000 அடி வரை ஏறுகிறது. அங்கே ஏப்ரலிலும் பனி இறுகிக் கிடக்கும் ஆண்டுகள் உண்டு. 2020 மார்ச்சில் அப்பாச்சி சிகரத்தருகே பனிக்கட்டியில் சறுக்கி ஓர் இளைஞர் உயிரிழந்தார். அந்த மலையிலிருந்து ஒன்றிரண்டு நாளில் 1,200 அடிக்கு இறங்கிவிடுவீர்கள். காலையில் பனி, மறுநாள் மதியம் கொதிக்கும் மணல். அரிசோனாவிலும் முதல் நாளே மில்லர் பீக் தோளைத் தாண்ட வேண்டும், கடைசி வாரத்தில் கைபாப் பீடபூமி. மார்ச் தொடக்கத்தில் கிளம்பினால் முன்னதில் பனி இருக்கலாம், ஏப்ரலிலேயே முடித்துவிட நினைத்தால் பின்னதில்.

இரவுக் குளிர் இன்னொரு வகையிலும் கெடுக்கும். பலரும் பயன்படுத்தும் ஹாலோ ஃபைபர் ஃபில்டர் ஒருமுறை உறைந்தால் உள்ளே இழைகள் வெடித்துவிடும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல வரும், கிருமியும் கூடவே வரும். அதனால் இரவில் ஃபில்டரை ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டுக்கொண்டு தூங்க வேண்டும். மாட்டுக்குட்டையை நம்பி நடக்கும் அரிசோனாவில் இது இன்னும் முக்கியம்.

தண்ணீர் அதிகம் குடித்தாலும் ஆபத்து என்பது பலருக்குப் புதிது. வியர்வையில் உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், குழப்பம் என அறிகுறிகள் வெப்பச் சோர்வு போலவே இருக்கும். பார்க்கிறவர் இன்னும் தண்ணீரைக் கொடுத்து நிலைமையை மோசமாக்குவார். உப்புப் பண்டங்களும் எலெக்ட்ரோலைட் பொடியும் மூட்டையில் இருக்க வேண்டியது இதனால்தான். கிராண்ட் கேன்யனுக்குள் காலை பத்திலிருந்து மாலை நாலு வரை ஏறாதீர்கள் என்று ரேஞ்சர்கள் சொல்வதை மற்ற எல்லா இடங்களுக்கும் பொருத்திக்கொள்ளலாம். பிசிடி ஹைக்கர்கள் லாஸ் ஏஞ்சல்ஸ் அக்வடக்ட் பகுதியை இரவில் கடப்பதும் அதே கணக்கில்தான். காலடியில் மூடிய குழாயில் ஒரு மாநகரத்துக்கான தண்ணீர் போய்க்கொண்டிருக்கும், மேலே நடக்கிறவர் தன் பாட்டிலில் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தீயும் வெள்ளமும் இரண்டு பாதையையும் மாற்றிக்கொண்டே இருக்கின்றன. 2023 ஆகஸ்டில் ஹிலரி புயல் பிசிடியின் மிஷன் க்ரீக் பகுதியை அடித்துப்போனது. 2025 கோடையில் டிராகன் பிராவோ தீ கிராண்ட் கேன்யனின் வடக்கு விளிம்பிலுள்ள விடுதியை எரித்தது, அரிசோனா ட்ரெயில் மேலேறும் வடக்கு கைபாப் பாதையையும் மூட வைத்தது. கிளம்பும் வாரத்தில் மூடல் அறிவிப்புகளைப் பார்த்துவிடுவது நல்லது. கோடையில் அரிசோனா வேண்டவே வேண்டாம்: ஜூன் நடுவில் தொடங்கும் மழைக்காலத்தில் மின்னலும் திடீர் வெள்ளமும் சேர்ந்துகொள்ளும். தெற்கு நோக்கி நடக்க விரும்புகிறவர்கள் செப்டம்பர் இறுதிக்குப் பிறகு கிளம்பலாம்.

இன்னும் இரண்டு, சுருக்கமாக

கான்டினென்டல் டிவைட் ட்ரெயிலின் தென்முனையும் இந்தப் பேச்சில் வரும். நியூ மெக்சிகோவில் எல்லையை ஒட்டிய கிரேஸி குக்கிலிருந்து லார்ட்ஸ்பர்க் வரையிலான வறண்ட தூரத்துக்கு, பாதையைப் பார்த்துக்கொள்ளும் அமைப்பே கேஷ்களைப் பராமரிக்கிறது. தனிமனிதர் தயவைவிட இது நம்பகமானது. ஆனால் அந்தப் பகுதி ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும்.

ஹேட்யூக் ட்ரெயில் வேறு ரகம். யூட்டாவின் ஆர்ச்சஸ் நேஷனல் பார்க்கிலிருந்து சையன் நேஷனல் பார்க் வரை சுமார் 800 மைல்; அறிவிப்புப் பலகை இல்லை, பல இடங்களில் பாதையே இல்லை. குறுகிய பள்ளத்தாக்குகளுக்குள் நடக்கும்போது தலைக்குமேல் வானம் நீலமாக இருந்தாலும், எங்கோ பெய்த மழை வெள்ளமாக வரலாம். மேலே சொன்ன இரண்டில் ஒன்றையாவது முடிக்காமல் அதை நினைக்க வேண்டாம்.

சரி, எது?

தனியாக, முதல்முறையாகப் போகிறவருக்கு பிசிடி. ஏப்ரல் நடுவில் ஒரு பெர்மிட் தேதி கிடைத்தால் மலைப்பனியும் பெரும்பாலும் குறைந்திருக்கும், வெயிலும் உச்சத்துக்கு வந்திருக்காது. கேஷ் என்று ஒன்று இல்லவே இல்லை என்று வைத்துத் தண்ணீர்க் கணக்குப் போடுங்கள். கேஷில் தண்ணீர் இருந்தால் ஒரு வாய் குடித்துவிட்டு, மிச்சத்தைப் பின்னால் வருகிறவருக்கு விடுங்கள்.

பாலைவனத்தில் ஒரு வாரமாவது நடந்து பழகியவருக்கு, அல்லது ஒத்த வேகத்தில் நடக்கும் துணை உள்ளவருக்கு, நான் தயங்காமல் அரிசோனாவைச் சொல்வேன். நிலமும் அங்கேதான் வளமானது: சாகுவாரோ என்ற உயரமான கள்ளிகளின் காடு, பாண்டரோசா பைன், கிராண்ட் கேன்யன், பிறகு மீண்டும் காடு என்று ஒரே பாதையில் மாறிக்கொண்டே போகும். வழியிலுள்ள பேட்டகோனியா, ஓரகிள், சுப்பீரியர், பைன் போன்ற சிற்றூர்களில் ஹைக்கர் ஒரு கூட்டமாக இல்லாமல் ஆளாகத் தெரிவார், பேச்சு நீளும். கையில் சாட்டிலைட் தொடர்புக் கருவி ஒன்று கட்டாயம், ஏனென்றால் பின்னால் யாரும் வரமாட்டார்கள். கிராண்ட் கேன்யனுக்குள் தங்கும் அனுமதிக்கு மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால், வடக்கு கைபாப் திறந்திருக்கும் பட்சத்தில், பள்ளத்தாக்கின் விளிம்பிலிருந்து எதிர் விளிம்புக்கு 21 மைலை ஒரே நாளில், இருட்டிலேயே தொடங்கி நடக்க வேண்டியிருக்கும்.