அண்டார்டிகாவ சுத்துற காத்த பாக்க ஒரு சைட்: எர்த் நல்ஸ்கூல் ரிவ்யூ

நாளைக்கு மழை வருமான்னு பாக்க இங்க போகாதீங்க, அதுக்கு ஆயிரம் ஆப் இருக்கு. நான் இத ஓப்பன் பண்றதே அதுல காத்தோட்டத்த காட்டுற பூமி உருண்டைய மேல தள்ளி அண்டார்டிகாவ நடுவுல கொண்டு வந்து வெச்சுட்டு சும்மா பாத்துட்டு இருக்கத்தான். 2013ல கேமரன் பெக்காரியோன்னு ஒருத்தர் பண்ணது, காசு கிடையாது.

60 டிகிரி தெற்குல ஒரு ரவுண்டு அடிச்சா நடுவுல நிலமே வராது, வெறும் கடல்தான், அதனால மேற்கு காத்து தடுக்க ஆளில்லாம ஓடிட்டே இருக்கும், அதுல நாலஞ்சு புயல் ராட்டினம் மாதிரி வரிசையா போகும், அதுவும் கடிகார திசைல, நம்ம வங்கக்கடல் புயலுக்கு நேர் எதிரா. கீழ இடது மூலைல இருக்குற எழுத்த அமுக்குனா மெனு வரும், அதுல கடல்மட்ட காத்தழுத்தம் போட்டுட்டு புயல் நடுவுல ஒரு க்ளிக் பண்ணுங்க. 960 ஹெக்டோபாஸ்கலுக்கு (காத்தழுத்த அளவு, குறைய குறைய புயல் பலம்) கீழ போறதெல்லாம் அந்த ஊர்ல சாதாரணம்.

எனக்கு ரொம்ப புடிச்சது பழைய தேதிக்கு போற வசதி. 2019 செப்டம்பருக்கு போங்க, உயரத்த 10 ஹெக்டோபாஸ்கல்னு வைங்க, அதாவது அழுத்தம் அவ்ளோ குறைவா இருக்குற இடம், தரைல இருந்து சுமார் 30 கிமீ மேல. வழக்கமா துருவத்து மேல வட்டமா உக்காந்திருக்குற காத்துச்சுழி அந்த மாசம் ஒரு பக்கமா நகந்து நசுங்கி கிடக்கும். துருவத்துக்கு மேல ஒரே வாரத்துல 50 டிகிரிக்கும் மேல சூடு ஏறிருச்சு. அந்த பாதிப்பு மெதுவா கீழ இறங்கி, அக்டோபர்ல இருந்து மேற்கு காத்து வடக்க நகந்து, ஆஸ்திரேலியா கிழக்குப் பக்கம் வெயிலும் வறட்சியும், அப்புறம் அந்த காட்டுத்தீ. அதுக்கு இது மட்டும் காரணமில்ல, இந்தியப் பெருங்கடல் டைபோலும் (அந்த கடலோட மேற்குக்கும் கிழக்குக்கும் உள்ள சூட்டு வித்தியாசம்) அந்த வருஷம் செம ஸ்ட்ராங்கா இருந்துச்சு.

இப்ப குறை. சைட் காட்டுறது அந்தந்த நேரத்து நிலவரம்தான். காத்து வளையம் துருவத்த ஒட்டி சுருங்குறதும் வடக்க விரியுறதும்தான் அங்க பெரிய ஆட்டம், சதர்ன் ஆன்யுலர் மோட்னு பேரு, சுருங்குனா ப்ளஸ், விரிஞ்சா மைனஸ். அது பல நாள் சராசரி எடுத்தாத்தான் சரியா தெரியும், அந்த நம்பர் இதுல இல்ல. நான் பக்கத்து டேப்ல அமெரிக்க அரசோட வானிலை, கடல் ஆய்வு அமைப்பான நோவா தினமும் போடுற ஏஏஓ இண்டெக்ஸ ஓப்பன் பண்ணி வெச்சுக்குவேன், அதுவும் ஃப்ரீ, பேருதான் வேற, விஷயம் இதேதான்.

இன்னொன்னு, கோடெல்லாம் அழகா ஓடுதேன்னு எல்லாம் அளந்து போட்டதுன்னு நெனச்சுராதீங்க. அது நோவாவோட ஜிஎஃப்எஸ்னு ஒரு கம்ப்யூட்டர் வானிலை மாடல் கணக்கு போட்டது, ஒரு நாளைக்கு நாலு தடவ ஓடும். மக்குவாரி, கெர்குலென் மாதிரி ரெண்டு மூணு தீவ விட்டா அங்க ஸ்டேஷன் வைக்க இடமே இல்ல, பெரும்பாலும் சாட்டிலைட்ட நம்பித்தான் பொழப்பு.

போன்ல வேணாம், பெரிய ஸ்க்ரீன்ல பாருங்க. 5க்கு 4.