ஒரே திசைக்கு மூன்று பக்கங்கள்: நான்கு ஆண்டுகளாக என் டிரான்ஸ்மிட்டருடன்

மாதிரி விமானங்களைத் தரையிலிருந்து ரேடியோவில் இயக்கும் என் டிரான்ஸ்மிட்டர் சென்ற வாரம்தான் பழுது நீங்கித் திரும்பி வந்தது. இடது ஸ்டிக்கின் நிலையை உரசி அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்துபோய், கையை எடுத்த பிறகும் விமானத்தின் வாலில் திசைமாற்றும் ரடர் நடுங்கிக்கொண்டிருந்தது. இப்போது காந்தத்தைக் கொண்டு தொடாமலே அளக்கும் ஹால் சென்சார் உள்ள ஸ்டிக்கைப் பொருத்தியிருக்கிறார்கள். உரசித் தேய அதில் எதுவும் இல்லை. ஸ்டிக்கின் நடுவையும் எல்லைகளையும் பதியும் கேலிபரேஷனை ஒருமுறை செய்தேன். விமானத்துக்கு ஒன்றாக நினைவகத்தில் சேமித்துள்ள பதினேழு மாடல் அமைப்புகளில் ஒன்றைக்கூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை. இதைக் கேட்ட நண்பர், முதல் டிரான்ஸ்மிட்டராகத் தானும் இதையே வாங்கலாமா என்று கேட்டார்.

அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தால் பழைய கோபம்தான் முதலில் வருகிறது.

இதன் மென்பொருளில் ஸ்டிக்கின் அசைவு, விமானத்தின் பலகைகளை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோவை அடைவதற்குள் மூன்று பக்கங்களைக் கடக்கிறது: இன்புட், மிக்ஸ், அவுட்புட். மூன்றிலும் திசையைத் திருப்ப முடியும். முதல் இரண்டிலும் அசைவின் விகிதத்தைச் சொல்லும் 'வெயிட்' எண்ணுக்கு முன் கழித்தல் குறி போட வேண்டும். மூன்றாவதில் நேரடியாகவே தலைகீழாக்கலாம். வெயிட், ஆஃப்செட், கர்வ் என்று முதல் இரண்டு பக்கங்களிலும் அதே சொற்கள். எந்தப் பக்கம் எதற்கு என்று திரையில் ஒரு வரி இல்லை. நான்கு ஆண்டுகளில் எத்தனையோ புதுப்பிப்புகள் வந்தன, அந்த ஒரு வரி மட்டும் வரவில்லை.

இதற்கு வால் இல்லாமல் இறக்கை மட்டுமேயான என் 'பறக்கும் இறக்கை' விமானம் பலியானது. அதில் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரும் பக்கவாட்டில் சாய்க்கும் ஐலரானும் தனித்தனியாகக் கிடையாது. இறக்கையின் பின்விளிம்பில் உள்ள இரண்டு எலிவான் பலகைகள்தான் இரு வேலையும் செய்யும். ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் இரண்டும் மேலே எழ வேண்டும்; வலப்பக்கம் தள்ளினால் வலது மேலேயும் இடது கீழேயும் போக வேண்டும். இழுத்துப் பார்த்தேன், இடது கீழே போனது. மிக்ஸ் பக்கத்தில் இடது சர்வோவுக்குரிய சேனலின் எலிவேட்டர் வரிக்குக் கழித்தல் குறி போட்டேன். இரண்டும் ஒன்றாக எழுந்தன. மனநிறைவோடு எறிந்தேன். விமானம் இடப்பக்கம் சாய்ந்தது; வலப்பக்கம் தள்ளினேன். சாய்வு நேராகவில்லை, மூக்கு மேலே எழுந்தது. நான் திருப்பியது எலிவேட்டர் வரியை மட்டும். ஐலரான் வரி பழைய திசையிலேயே இருந்தது. அதனால் இரண்டு கட்டளைகளுமே எலிவேட்டராகிவிட்டிருந்தன. ஒரு மாத உழைப்பு நான்கு நொடிகளில் மண்ணில் குத்தியது.

ஐலரானையும் அசைத்துப் பார்க்காதது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சர்வோ தலைகீழாக இருந்தால் அவுட்புட்டில் மட்டுமே திருப்ப வேண்டும் என்பதை ஒரு விமானத்தை இழந்துதானா கற்க வேண்டும்? இன்புட் கையின் உணர்வுக்கு: நடுவில் அசைவை மென்மையாக்கும் எக்ஸ்போ, அசைவின் அளவான ரேட். மிக்ஸ், விமானம் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு. அவுட்புட் சர்வோவின் திசைக்கும் எல்லைக்கும் நடுப்புள்ளிக்கும். இவ்வளவுதான் விஷயம்.

இது பிடிபட்ட பிறகு இந்தக் கருவி தந்த மகிழ்ச்சியையும் மறைக்கக் கூடாது. நம் குரலையே ஒலிக்கோப்பாக மெமரி கார்டில் போட்டு, எந்தச் சுவிட்சுக்கும் இணைக்கலாம். என் மகள் தமிழில் பதிந்து தந்தாள். பேட்டரி ஒரு செல்லுக்கு 3.5 வோல்ட்டுக்குக் கீழே போனால், "போதும், இறங்குங்கள்" என்கிறது அவள் குரல். மோட்டாரின் வேகத்தைக் கூட்டும் திராட்டிலைத் திடீரென்று தூக்கும்போது மின்னழுத்தம் கணநேரம் சரியும். அதற்கெல்லாம் பதறாமல், இரண்டு நொடிகள் தொடர்ந்து குறைந்திருந்தால் மட்டும் பேசும்படி நிபந்தனை நிறைவேறினால் தானே இயங்கும் லாஜிக்கல் சுவிட்சில் தாமதம் வைத்திருக்கிறேன். கண்ணை வானத்திலிருந்து எடுக்கவே வேண்டியதில்லை. இந்த வசதிக்காகவே வேறு எதற்கும் நான் மாறப்போவதில்லை.

ஆனாலும் நண்பருக்கு என் பதில், வேண்டாம். அவர் இப்போது ஒட்டிச் செய்துகொண்டிருப்பதும் பறக்கும் இறக்கைதான். எலிவான் என்று ஒரே தேர்வில் வேலையை முடித்துத் தரும் எளிய டிரான்ஸ்மிட்டர் அவருக்குப் போதும். இல்லை, இதுதான் வேண்டும் என்றால், முதல் முறை எறிவதற்கு முன் என்னைக் கூப்பிடட்டும். புரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு கட்டளைகளையும் நான்கு திசைகளிலும் அசைத்துப் பார்த்த பிறகே அவர் கையில் கொடுப்பேன்.