சேஸிஸிலிருந்து தொடங்குவதென்றால்: ஹெரால்டா, பத்மினியா, அம்பாசடரா?

பழைய கார் ஒன்றை வாங்கி, கடைசி போல்ட் வரை கழற்றி, சேஸிஸிலிருந்து, அதாவது அடிச்சட்டத்திலிருந்து, மேலே கட்டிக்கொண்டு வர ஆசைப்படுபவர்கள் முதலில் ஒன்றைப் பார்க்க வேண்டும். வாங்கப்போகும் காரில் சேஸிஸ் என்று தனியாக ஏதாவது இருக்கிறதா? நம் ஊரில் சுலபமாகக் கண்ணில் படும் மூன்று பழைய கார்களில் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு மட்டும்தான் அது உண்டு. அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் மோனோகாக். அவற்றில் பாடிதான் எலும்புக்கூடும். பாடியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அடியைப் பார்ப்போம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஹெரால்டு சென்னைக்காரர்களுக்குச் சொந்த ஊர்க் கார். 1961 முதல் இங்கேதான் தயாரானது. மூல வடிவம் இத்தாலியரான ஜியோவானி மிச்சலோட்டி வரைந்தது. இங்கிலாந்தில் 1959இல் ட்ரையம்ப் ஹெரால்டாக வந்தது. அந்தக் காலத்திலேயே தனி சேஸிஸ் பழைய பாணிதான். ஆனால் ட்ரையம்ப் தயாரிப்பாளர்களுக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டி கார் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டதால் வேறு வழியில்லை. பாடியைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, சேஸிஸ் மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். அன்றைய அந்தச் சங்கடம் இன்றைக்கு நமக்கு வரம். பானெட் முழுசாக முன்பக்கம் சாயும், கூரை தனியாக வரும், பின்பாகம் தனியாக வரும். நாலு பேர் கைகொடுத்தால் கிரேன் இல்லாமலே வீட்டு ஷெட்டில் கழற்றிவிடலாம்.

கழற்றும்போது ஒரு விஷயத்தில் அவசரம் கூடாது. பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒவ்வொரு போல்ட்டிலும் பட்டையும் வாஷருமாக அடை வைத்திருப்பார்கள். ஒரு இடத்தில் ஒன்று, இன்னொரு இடத்தில் மூன்று என்று இருக்கும். கதவு இடைவெளி நேராக நிற்பது அந்தக் கணக்கில்தான். எந்த போல்ட்டில் எத்தனை இருந்தது என்று எழுதிவைக்காமல் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டால், பெயின்ட் அடித்த பிறகு கதவு சாத்தாது. துரு முதலில் பிடிப்பது நடுச் சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளில். பெயின்ட்டைப் பார்த்து நம்பாமல் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று கேட்டால் சரி, மந்தமாகக் கேட்டால் வெட்டி வெல்டிங்தான்.

முன்சக்கரம் திரும்ப உதவும் கீழ் மூட்டான ட்ரன்னியன் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்த வெண்கலத் துண்டுக்குள், சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து லிங்கின் மரை திரும்பிக்கொண்டே இருக்கும். இதற்கு கியர் ஆயில்தான் போட வேண்டும், 90 கிரேடு. நம் ஒர்க்‌ஷாப்களில் கிரீஸ் கன்னை வைத்து ஏற்றிவிடுகிறார்கள். கிரீஸ் நாளடைவில் இறுகி, உள்ளே ஈரம் தங்கி, மரை அரித்து, ஒருநாள் திருப்பத்தில் சக்கரம் மடங்கிவிடும்.

ஹெரால்டின் பலவீனம் உதிரிபாகம். எஞ்சின் 948 சிசி; அதற்கும் சஸ்பென்ஷனுக்கும் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம். ஆனால் 1968இல் வந்த நான்கு கதவு மார்க் 3 (மூன்றாம் பதிப்பு) இந்தியாவில் மட்டும் செய்தது. அதன் பின்கதவுக்கு அங்கே கேட்டால் கையை விரிப்பார்கள். அதனால் நான்கு கதவு வண்டி பார்க்கிறீர்கள் என்றால், எஞ்சின் ஜாம் ஆகியிருந்தால்கூடப் பரவாயில்லை, கதவுகள் முழுசாக இருக்க வேண்டும்.

பத்மினி நேர்மாறு. 1089 சிசி ஃபியட் எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் பொறுமையாக அலைந்தால் பாதி வண்டியைத் தேற்றிவிடலாம். தலைவலி பாடியில். கதவுக்குக் கீழே ஓடும் சில் என்ற சட்டமும் தரையும் உளுத்துப்போனால், அதை வெட்டுவதற்கு முன் கதவுத் திறப்பில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டு பண்ண வேண்டும். இல்லாவிட்டால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும், அப்புறம் எந்தக் கதவும் பொருந்தாது. டிங்கர் வேலையில் நல்ல கை இல்லாதவர்கள் பத்மினியில் தொடங்குவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஸ்டீயரிங் தண்டிலேயே இருக்கும் அதன் கியர் லீவர் மேல் எனக்கும் ஆசை உண்டு, அது வேறு விஷயம்.

அம்பாசடரும் மோனோகாக்தான் என்றாலும் தகடு கனமானது, பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரானதால் பாகத்துக்குக் குறைவில்லை. இங்கே ஆபத்து வேறு மாதிரி: ஒரு மார்க்கின் பாகம் இன்னொன்றில் பெரும்பாலும் உட்கார்ந்துவிடும். மார்க் 2 என்று விற்கப்படும் வண்டியில் மார்க் 4 கிரில், பின்னால் வந்த அம்பாசடர் நோவாவின் ஸ்டீயரிங், எதிலிருந்தோ கழற்றிய டீசல் எஞ்சின் எல்லாம் இருக்கும். ஓட்டுவதற்கு ஒன்றும் குறையில்லை. அசலாக மீட்க வேண்டுமென்றால் பாதியைத் தூக்கிப் போட வேண்டிவரும்.

என் தேர்வு: வேலையே சந்தோஷம் என்பவர்களுக்கு ஹெரால்டு, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மாமல்லபுரம் போய்வர நினைப்பவர்களுக்கு அம்பாசடர். பத்மினி, ஏற்கெனவே வீட்டில் அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய வண்டி நின்றால் மட்டும்.

துரு எடுக்க, ஹெரால்டு சேஸிஸுக்கு மணல் வீச்சு நல்லது. மெல்லிய பேனல்களில் அதைக் காட்டினால் நெளிந்துவிடும். அங்கே ரசாயனமும் கையும்தான். பிறகு தூளைச் சூட்டில் உருக்கிப் படியவைக்கும் பவுடர் கோட்டிங்கா, பெயின்ட் போல அடிக்கும் எபாக்ஸி பிரைமரா? பவுடர் பார்க்க அழகு. ஒரு கல் பட்டுச் சில்லு பெயர்ந்தால் அடியில் துரு ஓடுவது வெளியே தெரியாது. எபாக்ஸியில் அந்த இடத்தை மட்டும் தேய்த்துத் திரும்ப அடிக்கலாம். நான் எபாக்ஸி பக்கம்.

பதிவு விஷயமும் தேர்வோடு சேர்ந்தது. 2021 விதிப்படி வின்டேஜ் பதிவுக்கு வண்டி 50 வயது தாண்டியிருக்க வேண்டும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். சேஸிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் அசலை மாற்றியிருக்கக் கூடாது. டீசல் அம்பாசடராக மாற்றிய பழைய பெட்ரோல் வண்டிகள் இதில் மாட்டும். தினசரி ஓட்டத்துக்கும் அந்தப் பதிவு உதவாது. எந்த வண்டியானாலும் மணல் வீச்சுக்கு அனுப்பும் முன் சேஸிஸ் எண் பொறித்த இடத்தைத் தேடி, பென்சில் பிரிண்ட் எடுத்து, மேலே தடித்த டேப் ஒட்டிவிடுங்கள். எண் தேய்ந்துபோனால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் யாரிடமும் விளக்கிச் சொல்லி மீள முடியாது.