முன்பணம் கேட்கும் எம்பெடெட் லினக்ஸ் இன்டர்ன்ஷிப்: ஓர் எச்சரிக்கை

எம்பெடெட் லினக்ஸ் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங்கில் (கருவிகளுக்குள் பொதிந்த சிறு கணினிகளில் லினக்ஸை இயக்கும் துறை) இன்டர்ன்ஷிப் தருவதாகச் சொல்லி, ‘பயிற்சி முடிந்ததும் திருப்பித் தரப்படும் முன்பணம்’ என்ற பெயரில் என்னிடம் கட்டணம் வசூலித்துக்கொண்டு, சொன்ன வேலையில் ஒன்றைக்கூடத் தராத ஒரு நிறுவனத்தைப் பற்றி எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். பெயர் தெரிந்தாலும் பெரிய பயன் இராது; இவர்கள் விளம்பரத்துக்கு விளம்பரம் பெயரை மாற்றிக்கொள்கிறார்கள், பாடத்திட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

போர்டு பிரிங்-அப் (புதிய சர்க்யூட் போர்டை முதன்முதலில் இயங்க வைப்பது), யூ-பூட் போர்ட்டிங் (லினக்ஸின் மையநிரலான கெர்னலை ஏற்றித் தொடங்கிவைக்கும் யூ-பூட்டைப் போர்டுக்கு ஏற்ப மாற்றுவது), டிவைஸ் டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) எழுதுதல், யாக்டோ என்ற கருவித்தொகுப்பில் சொந்தமாக இமேஜ் (போர்டில் ஏற்றும் முழு லினக்ஸ் தொகுப்பு) உருவாக்குதல் ஆகிய நான்கும் அழைப்புக் கடிதத்தில் இருந்தன. யாக்டோவில் முதல் பில்டுக்கு (மூல நிரலிலிருந்து இமேஜைத் தொகுத்தெடுப்பதற்கு) 50 ஜிபிக்கும் மேல் காலியிடமும் பல மணி நேரமும் வேண்டும். எங்களுக்குக் கொடுக்கப்பட்ட விர்ச்சுவல் மெஷினில் அதற்கு இடமே இல்லை. ஆகவே, வேறு யாரோ எப்போதோ பில்டு செய்த வீடியோவைப் போட்டுக் காட்டி, அந்தப் பகுதி முடிந்ததாகப் பதிவேட்டில் குறித்துக்கொண்டார்கள்.

போர்டைப் பொறுத்தவரை, இமேஜ் தயாராக எழுதப்பட்ட எஸ்டி கார்டு ஒன்றைத் தந்தார்கள். போர்டின் செய்திகளைக் கணினித் திரைக்குக் கொண்டுவரும் சீரியல் கேபிள் குழு முழுவதற்கும் ஒன்றுதான். என் முறை வந்தபோது, யூ-பூட்டின் செய்திகள் ஒழுங்காக வந்து, ‘ஸ்டார்ட்டிங் கெர்னல்’ என்ற வரியுடன் திரை உறைந்து நின்றது. இந்தத் துறையில் இதைவிடப் பழக்கமான கோளாறு இருக்க முடியாது. கெர்னல் உள்ளே நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கலாம். பூட் ஆர்க்ஸில் (தொடங்கும்போது கெர்னலுக்குத் தரப்படும் அளவுருக்களில்) ‘கன்சோல்’ அளவுரு தவறான போர்ட்டைச் சுட்டுவதாலோ, போர்டின் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் அந்த யூஆர்ட் (சீரியல் போர்ட்) செயல்படுத்தப்படாமல் இருப்பதாலோ செய்திகள் நம் கண்ணுக்கு வராமல் போயிருக்கலாம். கெர்னலின் ஆரம்பச் செய்திகளை முன்கூட்டியே காட்டும் ‘எர்லிகான்’ அளவுருவைச் சேர்த்துப் பார்த்தால், சிக்கல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். பிரிங்-அப் கற்றுக்கொடுக்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. எங்கள் பயிற்றுநரோ, “கார்டை மறுபடியும் எழுதிப் போடுங்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அந்த இமேஜுக்கான கெர்னல் சோர்ஸையும் (மூல நிரலையும்) டிவைஸ் ட்ரீ கோப்பையும் கேட்டபோது, அவை நிறுவன ரகசியம் என்று பதில் வந்தது. லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தின் 2ஆம் பதிப்பின் கீழ் வருவது. அதன் பைனரியை (இயங்கும் வடிவத்தை) ஒருவருக்குக் கொடுப்பவர் சோர்ஸையும் கொடுக்கக் கடமைப்பட்டவர். இந்த அடிப்படை விதியையே மறுக்கும் இடத்தில் லினக்ஸ் கற்கலாம் என்று எதிர்பார்ப்பதே வீண்.

டிரைவர் பகுதியில், ஒரு வரியை அச்சிடும் மாட்யூலும், பழைய சிஸ்எஃப்எஸ் (கோப்புகள் வழியே வன்பொருளை இயக்கும் முறை) வழியாக எல்இடியை மின்னவைக்கும் ஸ்கிரிப்டும் மட்டுமே இருந்தன. எல்இடி போன்றவற்றை இணைக்கும் ஜிபிஐஓ பின்களுக்குப் புதிய கேரக்டர் டிவைஸ் இடைமுகம் 2016இல், கெர்னல் 4.8இலேயே வந்துவிட்டது, பாடக்குறிப்பில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

இறுதி அறிக்கைதான் உச்சம். எல்லோருக்கும் ஒரே வார்ப்புருவைத் தந்து, பெயரை மட்டும் மாற்றச் சொன்னார்கள். அதில் ஒட்டப்பட்டிருந்த பூட் லாக் (போர்டு தொடங்கும்போது வரும் செய்திகளின் பதிவு) ஒன்றின் தொடக்கத்தில் ‘லினக்ஸ் வெர்ஷன்’ என்று ஒரு வரி வரும். கெர்னலைக் கம்பைல் செய்தவரின் பயனர்பெயர், கணினியின் பெயர், கம்பைலர், தேதி எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். ‘நானே உருவாக்கிய கெர்னல்’ என்று தலைப்பிட்ட எங்கள் அறிக்கைகள் அனைத்திலும் அந்த வரி ஒன்றேதான், எழுத்து மாறாமல். நேர்காணலில் விஷயம் தெரிந்த எவரும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

முன்பணம் இன்னும் வரவில்லை. வருகைப்பதிவு, அறிக்கையின் தரம், ‘நிர்வாக முடிவு’ என்று கேட்கும்போதெல்லாம் புதிய நிபந்தனை ஒன்று முளைக்கிறது. ஒப்பந்தத்தில் இருந்ததோ வருகைப்பதிவு மட்டுமே. கட்டண ரசீதையும் அந்த ஒப்பந்தத்தையும் மின்னஞ்சல்களையும் சேர்த்துத்தான் புகாரில் இணைத்திருக்கிறேன்.

இதே துறையில் உதவித்தொகை தரும் வழிகள் இருக்கும்போது பணம் கட்டி வேலை பார்ப்பது தேவையற்றது. 2005 முதல் நடக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோடு, அவுட்ரீச்சி ஆகிய திறமூலப் பயிற்சித் திட்டங்கள் இரண்டும் பங்கேற்பவர்களுக்குப் பணம் தருகின்றன; முதல் திட்டமே 2005இல் தொடங்கியது. லினக்ஸ் கெர்னல் சார்ந்த பணிகளும் அவற்றில் இடம்பெற்றிருக்கின்றன. பாடம் மட்டும் போதும் என்றால், பூட்லின் நிறுவனம் தன் பயிற்சிக் குறிப்புகளை இலவசமாகவே வெளியிடுகிறது. போர்டு இல்லாதவர்கள் போர்டை மென்பொருளில் போலச் செய்துகாட்டும் கியூஇஎம்யூவில் தொடங்கலாம்.

அழைப்புக் கடிதம் கையில் இருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்துப்பூர்வமாகப் பதில் கேளுங்கள்: எந்தப் போர்டு, அது எத்தனை பேருக்கு ஒன்று? இமேஜின் முழு சோர்ஸும் கிடைக்குமா? என் பேட்சைப் (நிரல் மாற்றத்தைப்) படித்துத் திருத்தப்போகும் பொறியாளர் யார்? நான் கேட்டபோது, “சேர்ந்த பிறகு சொல்கிறோம்” என்று தொலைபேசியில் மட்டுமே பதில் வந்தது.